பன்பாயும் பற்றுவரவும்

பொழுதுபோக்காகச் செய்துவந்த கைவேலையொன்று பிழைப்புக்குரிய தொழிலாக மாறும்போது அந்த வேலைக்கு என்ன நேர்கிறது என்பது ஒரு வினா. அதைச் செய்த கைக்கு என்ன நேர்கிறது என்பது மற்றொரு வினா. முதலாவதற்குப் பொருளியல் கற்றோர் விடை கூறுவர். இரண்டாவதற்கு விடை கூறவேண்டியவர் அந்தக் கைக்குரியவரே. நான் பொருளியல் கற்றவளல்லேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவள். எனினும், 2018ஆம் ஆண்டு முதல் பன் இழைத்து விற்று, அதற்கொரு கணக்குக் கொப்பியும் எழுதி வருகின்றேன். அந்தக் கொப்பி எனக்குக் கற்பித்த சிலவற்றையே இங்கு எழுதத் துணிகின்றேன்.

எனது ஊர் திருக்கோவில். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் வீதியில், கடலை ஒட்டி அமைந்தது. சித்திரவேலாயுத சுவாமி கோயிலாலும், ஆடி அமாவாசையன்று அங்கு நடைபெறும் சமுத்திரத் தீர்த்தத்தாலும் பலர் அறிந்த ஊர் அது. பாய்க்குப் பெயர்போன ஊரென்று அதனை எவரும் சொல்வதில்லை. ஆனால், எங்கள் கரையோரத்து ஊர்ப்பெயர்களைச் சற்று நோக்குங்கள்: தம்பிலுவில், கோளாவில், ஒலுவில், பொத்துவில். வில் என்பது இயற்கையாய் அமைந்த நீர்நிலை. கடலுக்கும் வயலுக்கும் இடையே இத்தகைய நீர்நிலைகள் பல கிடந்தமையால், அவற்றின் ஓரங்களிலே பன் தானாக விளைந்தது. நட்டவரில்லை, உரமிட்டவரில்லை. வெட்டிக் கொண்டுவந்தவரின் உழைப்பே அதன் விலை. ஆகவே, இப்பகுதியின் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒரே நீர்நிலையின் பன்னை வெட்டி, ஏறத்தாழ ஒரே முறையிலே பாய் இழைத்து வந்ததில் வியப்பில்லை.

எனக்கு இந்த வேலையைக் கற்பித்தவர் அம்மம்மா. பன்னை வெட்டியவுடன் நீளம் பார்த்துத் தரம் பிரிப்பார். தடித்தவை ஒருபுறம், மெல்லியவை மறுபுறம். பின்னர் அவற்றை முற்றத்து மணலிலே பரப்பி, பச்சை நிறம் மாறி வைக்கோல் நிறம் வரும்வரை காயவைப்பார். சாயமிட வேண்டியவற்றைச் சிறு முடிகளாகக் கட்டிக் கொதிநீரில் அமிழ்த்துவார். அவருடைய தாயார் காலத்தில் சிவப்புக்குப் பதங்கிக் கட்டையையும் மஞ்சள் நிறத்துக்கு மஞ்சளையும் அவித்தார்களாம். அம்மம்மாவின் காலத்தில் கடையிலே தூள் சாயம் வந்துவிட்டது. இழைப்பதற்கு முன் ஈரம் காட்டி, ஒவ்வொரு பன்னையும் விரலால் நீவித் தட்டையாக்க வேண்டும். இதற்குத் தறி வேண்டியதில்லை. நிலத்திலே குந்தியிருந்து, ஒரு மூலையிலிருந்து குறுக்கும் மறுக்குமாகக் கையாலேயே பின்னிச் செல்வதுதான் முறை. விடியற்காலையும் மாலையும் இதற்குரிய பொழுதுகள். வெயில் ஏறினால் பன் உலர்ந்து முறியும். அப்போது அம்மம்மா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவார்.

தாமிரபரணிக் கரையிலுள்ள பத்தமடையின் கோரைப்பாயை அறிந்தோர் இவ்வேறுபாட்டை உடனே உணர்வர். அங்கே கோரையை நீரில் ஊறவைத்து, நுண்ணிய நாராகக் கிழித்து, பருத்திநூற் பாவிலே தறியில் வைத்து நெய்வர். அப்பாய் பட்டுத்துணிபோல் மடியும். எங்கள் பன்பாய் மடியாது, சுருளும். அது பார்வைக்கு வைக்கும் பொருளன்று. படுப்பதற்கும், விருந்தினரை இருத்துவதற்கும், நெல்லுக் காயப்போடுவதற்கும், பிள்ளை பிறந்த வீட்டிலே தாயையும் சேயையும் கிடத்துவதற்கும் உரிய பொருள். வீட்டுக்கு வருவோரைப் பாயிலே இருத்தி, வட்டாவில் வெற்றிலை வைத்து நீட்டுவது எங்கள் பகுதியின் வழக்கம். மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும் எம்மூரிலே, அந்தப் புதுவீட்டுக்குள் முதலிற் செல்லும் சாமான்களுள் தாய் இழைத்த பாயும் ஒன்றாய் இருந்தது. அம்மம்மா தம் வாழ்நாளில் எத்தனை பாய் இழைத்தார் என்று கணக்கில்லை. ஒன்றையேனும் விற்றதாக நான் அறியேன்.

நான் பட்டம் பெற்று நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில் இந்த வேலை எனக்குத் துணையாயிற்று. கிழக்கிலே பட்டம் பெற்றுக் காத்திருப்பது எத்தகைய நிலை என்பதை இவ்விதழின் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. காத்திருக்கும் கை சும்மாயிருக்க மறுத்தது. பாய் இழைக்கும் பொறுமை எனக்கில்லாமையால், சிறிய கைப்பைகளை இழைத்தேன். உள்ளே துணி வைத்துத் தைத்து, மேலே இழுப்பூசி பொருத்தினேன். அவற்றுள் ஒன்றை என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்திக்குப் பரிசாகக் கொடுத்தேன். மருதமுனையைச் சேர்ந்தவள் அவள். ஒரு மாதம் கழித்து, அவளுடைய உறவினர் நால்வர் அதே போன்ற பை வேண்டுமெனக் கேட்பதாகவும், விலை எவ்வளவு என்றும் அறிவித்தாள்.

விலை என்ற சொல்லை அந்தப் பைக்கு நேராக நான் கேட்டது அதுவே முதற்றடவை. எனக்குக் கூச்சமாக இருந்தது. துணிக்கும் சாயத்துக்கும் நூலுக்கும் இழுப்பூசிக்குமாக 180 ரூபா செலவாகியிருந்தது. பன்னுக்கு விலையில்லை, என் கைக்கும் விலையில்லை என்றே எண்ணினேன். 300 ரூபா என்றேன். அவள் சிரித்துவிட்டு, 'எங்கட வாப்பாவிட்ட ஒருக்கா வந்து கதை' என்றாள்.

அவளுடைய தந்தையார் நெசவுத் தொழிலாளி. மருதமுனையின் கைத்தறி வரலாறு அவருடைய வாழ்க்கையிலேயே அடங்கியிருந்தது எனலாம். 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவியபோது உள்நாட்டுத் துணிக்குத் தேவை மிகுந்திருந்தது. மருதமுனையின் சாரமும் சேலையும் நாடெங்கும் சென்றன. வீட்டுக்கு வீடு தறியோசை கேட்டது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தது. வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிய, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எஞ்சியவற்றுட் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டது. அதன்பின்னரும் சிலர் மீண்டும் தறி பூட்டினர். அவருள் இவரும் ஒருவர்.

நான் கொண்டுசென்ற பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: 'மகள், இதுக்கு எத்தின மணித்தியாலம் போச்சு?'

எனக்கு விடை தெரியவில்லை. மாலையில் தொடங்கினேன், மறுநாள் காலையில் செய்தேன், இடையில் சோறு ஆக்கினேன் என்று ஏதேதோ சொன்னேன். அவர் தலையை அசைத்தார். 'தறியில நூல் ஓடுறது எல்லாருக்கும் தெரியும் மகள். அதோட சேந்து கூலி ஓடுறது ஒருத்தருக்கும் தெரியாது. நாங்களும் நூல் விலையக் கணக்குப் பாத்தோம். எங்கட நாளக் கணக்குப் பாக்கல்ல' என்றார்.

வீடு திரும்பியதும் மணிக்கூட்டை அருகில் வைத்துக்கொண்டு ஒரு பையைச் செய்து பார்த்தேன். காய்ச்சல், சாயம், தரம் பிரித்தல் ஆகியவற்றில் அந்தப் பைக்குரிய பங்கு ஒரு மணித்தியாலம், இழைப்பதற்கு ஐந்து, தைப்பதற்கு ஒன்று. ஆக ஏழு மணித்தியாலம். நான் சொன்ன 300 ரூபாவிலே செலவு போக எஞ்சுவது 120 ரூபா. ஏழு மணித்தியாலத்துக்கு அதைப் பங்கிட்டால் மணிக்கு 17 ரூபா! துணிவை வரவழைத்து விலையை 600 ரூபாவாக்கினேன். அப்போது மணிக்கு 60 ரூபா வந்தது. எட்டு மணித்தியால வேலைக்கு 480 ரூபா. எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் வயல்வேலைக்குப் போகும் பெண்ணொருத்தி அந்நாளில் ஏறத்தாழ 1,000 ரூபா கூலி பெற்றாள். அதனிற் பாதியும் இல்லை. ஆயினும், அது எனக்குப் பெருந்தொகையாகவே தோன்றியது. ஏனெனில், அதுவரை அந்தக் கைக்குக் கிடைத்தது சுழியம்.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கொழும்பிலுள்ள கடையொன்று 60 பைகளைக் கேட்டது. மொத்தம் 36,000 ரூபா. 12,000 ரூபா முற்பணம். டிசம்பர் நடுப்பகுதியில் ஒப்படைக்க வேண்டும். 60 பைகளுக்கு 420 மணித்தியாலம் வேண்டும். தனியொருத்தியால் இயலாது. அயலிலே பன் இழைக்கத் தெரிந்த ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். ஆளுக்கு 70 மணித்தியாலம். அவர்களுள் மூத்தவர் ஒரு மாமி. எனக்கு உறவுமுறையில் மாமியல்லர். எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் இருப்பவர். ஊரிலே எஞ்சியிருப்போருள் நல்ல பாய் இழைக்க வல்லவர். முற்பணம் முழுவதும் துணிக்கும் சாயத்துக்கும் வண்டிக் கூலிக்கும் சரியாயிற்று. பெண்களுக்குரிய கூலியைக் கடையிலிருந்து மீதிப் பணம் வந்ததும் தருவதாகச் சொன்னேன். அவர்கள் மறுபேச்சின்றி ஒப்பினர்.

வடகீழ்ப் பருவமழை எங்கள் கரையில் எவ்வாறு பெய்யுமென்பது எனக்குத் தெரியாததன்று. ஆனால், மழையையும் பன்னையும் சேர்த்து எண்ணிப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. வெயில் போதாமல் அரைகுறையாய்க் காய்ந்த பன்னை இழைத்தோம். முடிந்த பைகளைத் தூசு படாதிருக்கும் பொருட்டுப் பொலித்தீன் உறைகளிலே இட்டுக் கட்டிவைத்தேன். பன்னிரண்டு நாட்களின் பின் கட்டை அவிழ்த்தபோது நாற்றம் முதலில் வந்தது. 22 பைகளிலே சாம்பல் நிறத்திற் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்தால் போயிற்று, இரண்டு நாளில் மீண்டும் வந்தது.

எஞ்சிய 38 பைகளையாவது அனுப்புகின்றேன் என்று கடைக்கு அறிவித்தேன். குறித்த தொகை குறித்த நாளில் இல்லையெனில் எதுவும் வேண்டாம், முற்பணத்தைத் திருப்பி அனுப்புக என்று விடை வந்தது. அவர்கள் மீது நான் குறை கூறுவதற்கில்லை, ஒப்புக்கொண்டவள் நான். அம்மாவின் காதணியை அடகுவைத்து 12,000 ரூபாவையும் அனுப்பினேன். அதன் பின்னரே, கடன்களுட் பெரியது கடைக்குரியதன்று என்பது எனக்கு உறைத்தது. ஐந்து பெண்களின் 350 மணித்தியாலம் என் தலைமேல் இருந்தது.

ஐந்து வீடுகளுக்கும் சென்று நடந்ததைச் சொன்னேன். நால்வர் 'பரவாயில்லை' என்றனர். அச்சொல் என்னை மேலும் வருத்தியது. ஐந்தாவதாக மாமியிடம் போனேன். அவர் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'காசு இல்லாட்டி இப்ப தர வேணாம் மனே. ஆனா எனக்கு எத்தின மணித்தியாலம் கடன் எண்டு கொப்பியில எழுதி வை. காசை எழுதாத, மணித்தியாலத்த எழுது' என்றார்.

அந்தச் சொல்லை நான் அன்று முழுதாக விளங்கிக்கொள்ளவில்லை. சொன்னபடி எழுதினேன்: மாமி, 70 மணித்தியாலம். மற்ற நால்வருக்கும் அவ்வாறே. என் கொப்பியின் முதற்பக்கம் அதுதான். ரூபாவில் எழுதியிருந்தால் 60 ரூபாப்படி ஒவ்வொருவருக்கும் 4,200 என்று முடிந்திருக்கும். மணித்தியாலம் என்று எழுதியமையால், ஒரு மணித்தியாலம் எவ்வளவு பெறும் என்ற வினா அந்தப் பக்கத்திலே விடையின்றி நின்றது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது.

பிறிதொன்றையும் மாமியிடமே அறிந்தேன். 'உன்ர அம்மம்மா பன்ன எங்க வெச்சிருந்தா?' என்று கேட்டார். அடுப்புக்கு மேலிருந்த பரணில்! சிறுவயதில் நான் நாள்தோறும் கண்டதுதான். விறகடுப்பின் புகையும் சூடும் மாரி முழுவதும் பன்னை ஈரம் அண்டாமற் காத்தன. நாங்கள் வாயு அடுப்புக்கு மாறியபோது பரணைக் கழற்றிவிட்டோம். இழைக்கும் முறையைக் கற்றுக்கொண்ட நான், அதைச் சூழ்ந்திருந்த வீட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. கைவேலை விரல்களில் மட்டும் இருப்பதன்று. அடுப்பிலும் பரணிலும் பருவத்திலும் பரந்து கிடப்பது. பொழுதுபோக்காகச் செய்யும்வரை இக்குறை தெரியாது. பூஞ்சணம் பிடித்தால் எறிந்துவிட்டு வேறொன்று இழைக்கலாம். விற்கத் தொடங்கும்போதே அறியாமைக்கும் விலை கொடுக்க நேர்கிறது.

இக்காலத்திலேதான் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை மீண்டும் வாசித்தேன். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வெளிவந்தது. அந்நூல் அச்சிடப்பட்ட பொறி, முன்னர் வில்லியம் மொறிஸின் கெல்ம்ஸ்கொட் அச்சகத்துக்குரியதாய் இருந்தது. நெசவு, சாயம், பாய் என்பவற்றையும் குமாரசுவாமி அந்நூலிலே கலையென மதித்து எழுதினார். மொறிஸோ 1861இல் தம் நண்பருடன் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1870களில் சாயத் தொட்டியிலே தம் கையை விட்டுச் சாயமிடக் கற்றவர். எல்லா மக்களுக்கும் அழகிய பொருள் வேண்டுமென்று விரும்பிய அவருக்கு ஒரு துயரம் இறுதிவரை இருந்தது: நேர்மையான கூலி கொடுத்துக் கையாற் செய்த பொருளின் விலை ஏறியது, ஏறியமையால் அது செல்வர் வீடுகளுக்கே சென்றது. விலையைக் குறைத்தால் செய்பவர் வயிறு காயும். ஏற்றினால் அயலவர் வாங்கமாட்டார். இந்த முடிச்சை மொறிஸ் அவிழ்க்கவில்லை. நான் அவிழ்ப்பேன் என்று எண்ணும் பேதைமை எனக்கில்லை. ஆயினும், முடிச்சு என்னுடைய தவறால் விழுந்ததன்று என்பதை அறிந்தபோது சற்று ஆறுதல் உண்டாயிற்று.

எங்கள் நாட்டிலேயே மற்றொரு வழியும் உண்டு. 1960களில் ஓவியர் பார்பரா சன்சோனி, கன்னியாஸ்திரிகளிடம் நெசவு பழகிய பெண்களுக்கு வண்ணக் கோலங்கள் வரைந்து கொடுக்கத் தொடங்கினார். அது பெயார்பூட் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. அங்கே ஓவியரின் கண் நெசவாளரின் கையோடு சேர்ந்தமையால், துணிக்குத் தனித்ததொரு முகம் கிடைத்தது. அந்த முகத்துக்கு மக்கள் விலை கொடுத்தனர். அரசும் 1964இல் லக்சல நிலையத்தையும், 1982இன் சட்டத்தால் தேசிய அருங்கலைகள் பேரவையையும் ஏற்படுத்தியது. இவையெல்லாம் பொருளை வாங்குவோரிடம் சேர்க்கும் வழிகள். நான் தேடியதோ வேறொன்று: செய்பவரின் நேரத்தைக் காணச்செய்யும் வழி.

அதற்கு ஒளி தந்தது அகமதாபாத்திலிருந்து வந்த ஒரு வரலாறு. 1972இல் இலா பட் அம்மையார் சுயதொழில் புரியும் பெண்களுக்கெனத் தொழிற்சங்கம் ஒன்றைப் பதிவுசெய்ய முற்பட்டபோது, தொழில் தருநர் இல்லாதவர்கள் எவரை எதிர்த்துச் சங்கம் அமைக்கப்போகிறார்கள் என்று அதிகாரிகள் வினவினார்களாம். வீட்டிலிருந்து தைப்பவளும் பின்னுபவளும் தொழிலாளியே என்பதைச் சட்டத்தின் கண்களுக்குக் காட்ட அவர்கள் போராட நேர்ந்தது. சேவா என்று இன்று உலகறிந்த சங்கம் அவ்வாறே பிறந்தது. இதை வாசித்தபோது மாமி சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று. தொழில் தருநர் வேறெங்கோ இருக்கிறார் என்றெண்ணியிருந்தேன். ஐந்து பெண்களின் 350 மணித்தியாலத்தைக் கடனாகப் பெற்ற நானே அந்தத் தொழில் தருநர். என்னுடைய கைக்கு நானே விலை வைக்காதபோது அது என் விருப்பம். அவர்களுடைய கைக்கும் விலை வைக்காதபோது அது சுரண்டல்.

ஆகவே, 2019இன் தொடக்கத்தில் ஆறுபேரும் எங்கள் வீட்டுத் திண்ணையிலே கூடிப் புதுக் கணக்கொன்று போட்டோம். வயற்கூலி 1,000 ரூபாவானால் மணிக்கு 125 ரூபா. ஏழு மணித்தியாலத்துக்கு 875. பொருட்செலவு 180. பழுதாவதற்கும் வண்டிக்குமாக 95. ஆக ஒரு பை 1,150 ரூபா. பழைய கடனையும் இந்தப் படியிலேயே தீர்ப்பதென முடிவாயிற்று. பூஞ்சணம் தப்பிய 38 பைகளை மாத்திரம் 600 ரூபாப்படி தெரிந்தவர்களுக்கு விற்று, காதணியை மீட்டபின் எஞ்சிய பத்தாயிரத்தில் 80 மணித்தியாலம் தீர்த்தேன். இன்னும் 270 மணித்தியாலம்.

1,150 ரூபா என்றதும் கேட்டவருட் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். ஒத்த பையொன்று கொழும்பிலே 2,200 ரூபாவுக்கு விற்கப்படுவதைத் தோழி கண்டு சொன்னபோது எனக்குச் சினம் மூண்டது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். கடைக்கு வாடகையுண்டு, மின்சாரமுண்டு, விற்காமற் கிடக்கும் பொருளின் நட்டமுண்டு. கடைக்காரர் தம்முடைய செலவை எழுதி வைத்திருந்தார்; நாங்கள் எங்களுடையதை எழுதவில்லை. வேறுபாடு பெரும்பாலும் அவ்வளவே.

நாங்கள் இரண்டு மாற்றங்கள் செய்தோம். மூன்று மணித்தியாலத்தில் முடியும் சிறு பொருள்களைச் செய்தோம்; அவற்றை 500 ரூபா அளவில் மாணவரும் வாங்க முடிந்தது. பன் முழுவதையும் கோடையிலேயே வெட்டிக் காயவைத்து, தரம் பிரித்துச் சேமித்தோம். அதனால் இழைக்கும்போது வீணாகும் நேரம் குறைந்து, ஒரு பை ஐந்தரை மணித்தியாலத்தில் முடிந்தது. கூலியைக் குறைக்காமல் விலையைக் குறைக்கும் வழி ஒன்றேனும் உண்டு என்பதை அங்கே கண்டேன்.

வாரந்தோறும் திருப்பிச் செலுத்தும் சிறுகடன் தர வீடு தேடி வந்தோரும் இருந்தனர். கையெழுத்து மட்டும் போதும் என்றனர். ஆனால், பன் காய்வதற்கு ஒரு வாரம். இழைக்க ஒரு வாரம். விற்றுக் காசு வர ஒன்றிரண்டு மாதம். கடனோ ஏழாம் நாளே வாயிலில் வந்து நிற்கும். பொருளின் காலமும் கடனின் காலமும் ஒவ்வாதபோது, முதற் தவணையைக் கட்ட இரண்டாங் கடன் வேண்டியதாகும். அயலிலே அவ்வாறு சிக்கிய வீடுகளைக் கண்டிருந்தமையால் மறுத்துவிட்டோம். மெல்ல வளர்ந்தோம், வளராமலும் இருந்தோம்.

2019 ஏப்ரல் 21ஆந் திகதி நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னர் எங்கள் கரையோரத்தில் பல மாதம் ஓர் அச்சம் நிலவியது. அறுகம்பைக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் வரவில்லை. அதனினும் கொடியது, ஓர் ஊரார் மற்றோர் ஊரின் கடைக்குப் போகத் தயங்கியமை. எங்கள் பைகளுக்கு உட்துணி மருதமுனைத் தறியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 'வேறெங்காவது துணி வாங்கலாமே' என்று எங்களுள் ஒருத்தி மெல்லச் சொன்னாள். ஒருவரும் விடை சொல்லவில்லை. அடுத்த கிழமை தோழியின் தாயார் ஒரு பொதியை பஸ் சாரதியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே வழக்கமான துணியும், அதன்மேல் ஒரு துண்டுக் கடதாசியும்: முழத்துக்கு இவ்வளவு, நெய்ய இத்தனை மணித்தியாலம். அவர்களும் மணித்தியாலத்தை எழுதத் தொடங்கியிருந்தனர். 'வேறெங்காவது' என்ற பேச்சு அதன்பின் எழவில்லை.

2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது சாயமும் இழுப்பூசியும் கைக்கெட்டாத விலையாயின. சாயமிடாத பைகளைச் செய்து, இழுப்பூசிக்குப் பதிலாகச் சிரட்டைப் பொத்தான் வைத்தோம். பன் மட்டும் விலை ஏறாமல் வில்லோரத்தில் நின்றது. டொலரை அது அறியாது. வாயு கிடைக்காமையால் வீடுகளிலே விறகடுப்பு மீண்டது. அம்மாவிடம் சொல்லிப் பரணையும் மறுபடி கட்டினோம். அந்த ஆண்டு மாரியில் ஒரு பையும் பழுதாகவில்லை.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருகின்றேன். கைக்கு என்ன நேர்ந்தது? இழப்பொன்று நேர்ந்தது; அதை மறைப்பது நேர்மையாகாது. முன்பு மாலையில் பன்னை எடுத்தால் பொழுது போவது தெரியாது. இப்போது எங்கேனும் ஒரு மூலையில் மணிக்கூடு ஓடிக்கொண்டேயிருக்கிறது. இழை தவறினால் முன்பு சிரித்துக்கொண்டு பிரிப்பேன். இப்போது பிரிப்பதற்குப் பத்து நிமிடம் என்று மனம் கணக்கிடுகிறது. அம்மம்மாவின் பாயிலிருந்த ஒரு தாராளம் என் பையில் இல்லை. ஆனால், அந்தத் தாராளத்துக்குரிய செலவை யார் தாங்கினார்கள் என்றும் இப்போது கேட்கத் தோன்றுகிறது. அம்மம்மாவின் மணித்தியாலங்களை எவரும் எழுதவில்லை. எழுதாமையை நாம் அன்பென்று அழைத்தோம். அன்பாகவும் இருந்திருக்கலாம், எழுதியிருந்தாலும் அது குறைந்திராது.

பழைய கடனைச் சிறுகச் சிறுகத் தீர்த்துக்கொண்டு வந்தேன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நால்வருடையதும் முடிந்தது. மாமிக்கு மட்டும் ஏழு மணித்தியாலம் எஞ்சியிருந்தது. அதற்குரிய காசை எடுத்துக்கொண்டு அவருடைய வளவுக்குப் போனேன். கொப்பியையும் கொண்டுபோனேன், அவர் முன்னிலையிலேயே அந்த வரியை வெட்டிவிடும் எண்ணத்துடன். மாமி பாயை விரித்து என்னை இருக்கச் சொன்னார், வெற்றிலை வைத்தார். காசை வாங்க மறுத்துவிட்டார்.

'அது கிடக்கட்டும் மனே,' என்றார். 'முழுக்கத் தீந்தா நீ இந்தப் பக்கம் வரமாட்டாய்.'

முதற்பக்கத்தில் அந்த வரி இன்னும் வெட்டப்படாமலே இருக்கிறது: மாமி, 7 மணித்தியாலம்.